அந்நியராவதற்கு ஏழு சாட்சிகள்

ஆறு பேர் வந்துவிட்டார்கள், ஏழாமவர் வரவில்லை. பதிவு அலுவலகத்தின் மூன்றாம் சன்னலுக்கு முன்னால் நின்ற நெரீசாவுக்கு வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. பதிவுக்கு இன்றே கடைசி நாள். நண்பகல் பன்னிரண்டுக்குச் சன்னல் சாத்தப்படும். பதிவுச் சீட்டு கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பள்ளியிறுதித் தேர்வு எழுத முடியாது; பன்னிரண்டு ஆண்டுப் படிப்பும் பிழிந்தெடுத்த கரும்புச் சக்கையாகிவிடும்.

சட்டம் அப்படியொன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. இந்தப் பெண் இந்தத் தொமினிக்கன் மண்ணில்தான் பிறந்தாள் என்று அடையாள அட்டை உள்ள ஏழு பேர் சத்தியம் செய்யவேண்டும். செய்துவிட்டால், இவள் ஹெய்ட்டி நாட்டு அந்நியர் என்று பதிந்துகொள்வார்கள். இங்கே பிறந்ததை மெய்ப்பித்தால்தான் அந்நியராகும் தகுதியே கிட்டும்! இப்படியொரு விதியை வகுக்க எத்தனை படித்த மூளைகள், எத்தனை குளிரூட்டிய அறைகளில், எத்தனை குவளைக் காப்பியைக் குடித்துத் தீர்த்தனவோ!

பக்கத்தில் நின்ற தாய் இமாகுலா நாற்பத்தோராண்டுக்கு முன் ஹெய்ட்டியிலிருந்து வந்தவள். வேலி தாண்டி வரவில்லை. அரசாங்க லாரி ஏற்றிவந்தது, சிப்பாய் தலையெண்ணி இறக்கினான். அன்றுமுதல் கரும்பு வெட்டினாள், ஐந்து பிள்ளை பெற்றாள், கணவனை இந்த மண்ணிலேயே புதைத்தாள். நீதிமான்களின் ஏட்டில் மட்டும் அவள் இன்றும் 'வழிப்போக்கர்'. வழிப்போக்கர் பெற்ற பிள்ளைக்குப் பிறப்புச் சீட்டு கிடையாதாம். நாற்பத்தோராண்டு நடந்தும் முடியாத வழி உலகில் வேறெங்கே இருக்கிறது?

சன்னலுக்கு அப்பால் எழுத்தர் எராஸ்மோ அமர்ந்திருந்தார். வயது இருபத்தொன்பதுதான், ஆனால் 'தோன்' என்ற மரியாதைப் பட்டத்தை முன்னால் ஒட்டாமல் அழைத்தால் அவருக்குக் காது கேளாது. நெரீசாவைவிட இரண்டு பிடி கறுப்பு. வெயில் பட்டு மேலும் கறுத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் தெருவைக் கடக்கவும் குடை பிடிப்பார். அவருடைய அடையாள அட்டையில் நிறம்: 'செவ்விந்தியர்'. இந்தத் தீவின் ஆதிகுடிகளை வெள்ளையர் வாளுக்கும் அம்மைக்கும் இரையாக்கி ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. செத்தவர்களின் தோல் மட்டும், கறுப்பென்று சொல்லக் கூசுகிறவர்களுக்குச் சட்டையாகப் பயன்படுகிறது.

ஏழாமவரைத் தேடிப்போன சாட்சி ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். "கடைக்காரர் சிப்ரியான் வரமாட்டாராம். ஹெய்ட்டிக்காரிக்குக் கையெழுத்துப் போட்டா யாவாரம் படுத்துடுமாம்."

"அவன் கடையில அரிசி வாங்குறதே நாமதானே! வெள்ளைக்காரனா வந்து வாங்குறான்?" என்று சீறிய இமாகுலா, சன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, அந்த ஏழாவது ஆளு நீதான்யா. இவ பொறந்த அன்னிக்கு ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டியாந்தது யாரு? செலியான் மகன்தானே? உங்கம்மா செலியானும் நானும் ஒரே லாரியில வந்து எறங்கி, ஒரே அடுப்புல சோளக்களி கிண்டினவங்க."

எராஸ்மோவின் பேனா நின்றது.

"யாரு தம்பி? தோன் எராஸ்மோன்னு கூப்பிடு. உன்னை எனக்குத் தெரியாது. கரும்புத் தோட்டமும் தெரியாது. நான் தலைநகரத்துல பொறந்தவன்."

"அப்படியா சாமி! அந்தச் சேறெல்லாம் அவ்வளவு சுத்தமா கழுவிட்டியா?"

"அம்மா, வேணாம்," என்றாள் நெரீசா.

"பன்னெண்டு அடிக்கப் பத்து நிமிஷம். ஆள் இல்லன்னா நகரு," என்றார் எழுத்தர்.

அப்போதுதான் வரிசையில் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த போலோ என்பவன் முன்னே வந்தான். நெரீசா அவனை அதற்குமுன் கண்டதே இல்லை.

"ஏழாவது ஆளுதானே வேணும்? ஏழு ராசியான நம்பரு. இந்தாங்க என் அட்டை. நான் சத்தியம் பண்றேன்."

நெரீசா அந்த அட்டையையே பார்த்தாள். கண்ணால் கண்டவன் காணவில்லை என்கிறான். காணாதவன் கண்டேன் என்கிறான். 'இவர் யாரென்றே தெரியாது' என்று அவள் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமையை நினைத்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எராஸ்மோவின் கண்கள் மின்னின. "நீ அங்க இருந்தியா?"

"இல்லாமலா? பக்கத்துலயே நின்னேன்."

"எங்க பொறந்தா?"

"வீட்டுலதான். பின்னே அரண்மனையிலயா?"

"அன்னிக்கு மழையா, வெயிலா?"

"நல்ல வெயிலுங்க. எனக்கு வேர்த்து ஊத்துச்சு. அவங்கம்மாவைவிட நான்தான் அதிகமா கத்தினேன்."

வரிசை கொல்லென்று சிரித்தது. பொய்யனைப் பிடித்துவிட்ட பூரிப்பில் எராஸ்மோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"புளுகு! வெயிலாம் வெயிலு! அன்னிக்குப் பேய் மழை. வீடா? மாட்டு வண்டியில, கரும்புக்கட்டு மேல பொறந்தாடா இவ! சக்கரம் சேத்துல மாட்டி, நான் போய்..."

வாய் அத்தோடு அடைத்துக்கொண்டது. அலுவலகமே அந்த வாயைப் பார்த்தது.

"அப்ப நான் வேற பொண்ணுக்குக் கத்தியிருக்கேன் போல," என்று போலோ பணிவாகச் சொல்லி, அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "நேர்ல பார்த்தவரு நீங்க இருக்கையில நான் எதுக்குங்க?"

உள்ளறையிலிருந்து தலைமைப் பதிவாளர் மிர்த்தா எழுந்து வந்தார். "அவன் சொல்றது சரிதான், தோன் எராஸ்மோ. கண்ணால பார்த்திருக்கீங்க, உங்ககிட்ட அட்டையும் இருக்கு. கையெழுத்தைப் போடுங்க."

எராஸ்மோ போட்டார். முத்திரை விழுந்தபோது மணி பன்னிரண்டாக ஒரு நிமிடம் இருந்தது.

நெரீசா சீட்டைப் படித்தாள். பிறந்த இடம்: இந்த மாவட்டம். நிலை: அந்நியர். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு. விதியை வகுத்த மூளைகளுக்கு அது போதுமாயிருந்தது.

"அம்மா, எனக்கு வாழ்த்துச் சொல்லு," என்றாள். "பஸ்சும் ஏறல, பாஸ்போர்ட்டும் எடுக்கல; நின்ன எடத்துலயே வெளிநாடு போயிட்டேன். திங்கக்கிழம வெளிநாட்டுக்காரி பரிட்சை எழுதப் போறா."

மிர்த்தா போகவில்லை, எராஸ்மோவின் தோளருகே நின்றார்.

"கையோட உங்க பிறப்புச் சீட்டையும் எடுத்துக்கிட்டு என் அறைக்கு வாங்க. தலைநகரத்துல பொறந்த புள்ளை, கரும்புக்காட்டு மழையில என்ன பண்ணுச்சுன்னு பார்க்கணும்."

எராஸ்மோவின் கை மேசைக்கடியில் குடையைத் தேடியது. கூரைக்குக் கீழே குடை எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

வாசல்வரை போன இமாகுலா திரும்பி வந்து, சன்னலில் முகம் வைத்தாள்.

"செலியான் மகனே, உனக்கும் ஏழு பேரு வேணும்னா சொல்லி அனுப்பு. என் சாட்சி செல்லாது, நான் வழிப்போக்கி. ஆனா இந்த ஆறு பேரையும் கூட்டியாறேன். நீ பொறந்த அன்னிக்கும் மழைதான்."