பதினேழாவது கட்டம்

கிணறு நகராது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதும் பொறுப்பின்மை. ஊர்க்கிணறு நகராது என்பது சரி. ஆளுக்குச் சொந்தமான கிணறு, ஆளுக்கு இரண்டடி பின்னால், இடது பக்கமாக வரும். வலது பக்கம் என்று எழுதிவைத்தவர்கள் அதைக் கண்ணாடியில் பார்த்தவர்கள். மருத்துவர்கள் இதை மனச்சோர்வு என்கிறார்கள். மாநகராட்சி கிணறு என்றே பதிகிறது. டவுன் பஸ்ஸில் அதற்கு அரை டிக்கெட்.

கோயமுத்தூர் கோகிலவாணியின் கிணறு இருபத்தெட்டு முழம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனநல மருத்துவர் கல் கட்டிய நூலை உள்ளே விட்டு, கையால் முழம் போட்டு அளந்து, சீட்டில் ஆழத்தை எழுதி, அதன் கீழே சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை என்றும் எழுதுவார். ஆண்டுக்கு ஓரிரு முறை கோகிலவாணி அதற்குள் விழுவாள். அடிபடாது. மேலே வரத்தான் கயிறு வேண்டும்.

கயிறு கொடுப்பது வேலை தரும் நிறுவனத்தின் கடமை. அதற்காகவே எல்லா விண்ணப்பப் படிவத்திலும் பதினேழாவது கட்டம் இருக்கிறது: ‘கிணறு உண்டா? உண்டெனில் ஆழம்.’ முன்பு வேலை பார்த்த ஜவுளிக் கிடங்கில் அவள் ‘இல்லை’ என்று எழுதினாள். கிணற்றைத் தார்ப்பாயால் மூடி, மேலே ஒரு குரோட்டன்ஸ் தொட்டியையும் வைத்தாள். கார்த்திகையில் குரோட்டன்ஸோடு உள்ளே போனாள். கத்திக் கூப்பிட்டாள். கிடங்கு மேலாளர் எட்டிப் பார்த்து, “ரிஜிஸ்டர்ல கெணறே இல்லீங்களே” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் அக்கா சுகந்தி வந்து மூன்று புடவைகளை முடிச்சுப் போட்டுத் தூக்கினாள். பத்தாம் நாள், தகவல் சொல்லாமல் வராமல் இருந்ததற்காக வேலை போனது.

இப்போது கிரைண்டர் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில், புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் கேட்டிருந்தார்கள். கோகிலவாணி பதினேழாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். சுகந்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“கெணறுன்னு எழுதிப்போட்டீன்னா எவன் வேலை குடுப்பான்? தொட்டின்னு எழுது கண்ணு. தண்ணித் தொட்டி இல்லாத வூடு எங்கிருக்குது?”

‘தொட்டி, நான்கு முழம்’ என்று எழுதினாள்.

அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட்டில் கிணறு நுழையாததால் படியேறிப் போனாள். மேலாளர் கதிர்வேலன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கிரைண்டர் சுத்துது, மாவு வரமாட்டேங்குதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காருங்க. என்ன பதில் போடுவீங்க?”

“அரிசி போட்டீங்களான்னு கேப்பேனுங்க.”

“போட்டேங்கறாரு.”

“ஊற வெச்சீங்களான்னு கேப்பேனுங்க.”

கதிர்வேலன் மகிழ்ந்துபோனார். “திங்கக்கிழமை வந்துருங்க” என்றவர், ஸ்டோர் பொறுப்பிலிருந்த பழனாத்தாளைக் கூப்பிட்டு, “நாலு முழம்” என்றார்.

பழனாத்தாள் இருபது வருடம் பூ விற்றவள். கயிற்றுச் சுருளைப் பிரித்து, முழங்கையில் வைத்து நான்கு முழம் போட்டு, பழக்கம் விடாமல் நாலு விரல் கொசுறும் விட்டு, கத்தியை எடுத்தாள். சுவரில் ஆணிகள் வரிசையாக இருந்தன. ஐந்து ஆணிகளில் பெயர்ச்சீட்டோடு கயிறுகள் தொங்கின. ஆறாவது ஆணி காலி.

கோகிலவாணி தான் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதை நினைத்துப் பார்த்தாள். இருபத்துநாலு முழ உயரத்தில், பல்லி வால் மாதிரி ஒரு கயிற்று நுனி ஆடிக்கொண்டிருந்தது.

“வெட்டாதீங்கக்கா.”

கத்தி நின்றது.

“அது தொட்டி இல்லீங்க சார். கெணறு. இருபத்தெட்டு முழம்.”

பழனாத்தாள் கிணற்றருகே போய்க் குனிந்து, “ஓய்!” என்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து “ஓய்” என்று வந்தது.

“கூப்புட்டா, காப்பி குடிச்சுப்போட்டு வந்துதான் பதிலே சொல்லுது. இதப் போயி தொட்டிங்கறியே கண்ணு!”

கதிர்வேலன் கண்ணாடியைக் கழற்றினார். “எதுக்குங்க இப்படி எழுதுனீங்க?”

“போன எடத்துல இல்லைன்னு எழுதி, வேலை போச்சுங்க. உள்ளதை எழுதுனா வேலையே கெடைக்காதுன்னு அக்கா சொல்லுச்சுங்க.”

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோகிலவாணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“பையைக் கீழ வையுங்க. கடுதாசி எழுதப் போறது நீங்க. கெணறா எழுதப்போகுது?” என்றார் கதிர்வேலன். “ஆனா படிவத்துல தப்பு இருக்கக் கூடாது. அடிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போடுங்க.”

அவள் தொட்டியை அடித்துக் கிணறு ஆக்கினாள், நான்கை இருபத்தெட்டு ஆக்கினாள், பக்கத்தில் கையெழுத்திட்டாள். பத்திரம் எழுதுவதுபோல் கதிர்வேலன் கடைசியில், ‘அடித்தல் இரண்டு, திருத்தல் இரண்டு, வேறில்லை’ என்று குறித்தார்.

பழனாத்தாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “இருபத்தெட்டுன்னா யாரு முழம்? டாக்டரு முழமா, எம் முழமா?”

“டாக்டர் முழங்க. ஆள் நல்ல நெட்டை.”

பழனாத்தாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபத்தெட்டுக்கு மேல் ஆறு முழம் கொசுறு விட்டு வெட்டினாள்.

திங்கட்கிழமை கோகிலவாணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிணற்றின் கீழ்ப்பகுதி இரண்டு மாடிகளைத் தாண்டி, தரைத்தளத்து இஸ்திரிக் கடைக்குள் தூண்போல இறங்கி நின்றது. கடைக்காரர் அதில் காலண்டர் மாட்டினார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தாள். பத்து நிமிடத்தில் கயிறு இறங்கியது. நுனி அவள் மணிக்கட்டுக்கு வந்தது. கொசுறு இல்லாவிட்டால் வந்திராது. யாரும் அவசரப்படுத்தவில்லை. காலையும் மாலையும் பழனாத்தாள் வாளியில் டீ இறக்கினாள். முதல் நாள் டம்ளர் அப்படியே திரும்பியது. இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள் காலி டம்ளரோடு ஒரு சீட்டு வந்தது: ‘சக்கரை பத்தலைங்க.’

“ஆளு தேறிட்டா” என்றாள் பழனாத்தாள்.

நாலாம் நாள் காலை பத்தேகாலுக்குக் கோகிலவாணி ஏறி வந்து, தலை துவட்டி, தேங்கியிருந்த கடிதங்களைப் பிரித்தாள். கடைசியாக ஒருமுறை இழுத்த வாளியில் ஒரு கெண்டை மீன் இருந்தது. கதிர்வேலன் அவளுடைய படிவத்தை எடுத்துப் பார்த்தார். மீனைப் பற்றி அதில் எதுவும் கேட்கப்படவில்லை. எனவே அவள்மேல் தவறில்லை.

அடுத்த மாதம் அச்சான விண்ணப்பத்தில் பதினெட்டாவது கட்டம் சேர்ந்திருந்தது: ‘மீன் உண்டா? உண்டெனில் எத்தனை.’ அதை முதலில் நிரப்பியவர் ஒன்று என்று எழுதி, அடித்து, மூன்று என்று திருத்திக் கையெழுத்திட்டிருந்தார்.