இனிப்புப் பானத்துக்காகப் பேசியவர்

நாட்டில் இருப்பவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல அரசாங்கம் படும் பாட்டைப் பார்த்தால், பேசாமல் அவரவர் வயிற்றிடமே விட்டுவிடலாம் என்று தோன்றும். முதலில் மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் கூடி ஒரு வரைவு எழுதுவார்கள். பிறகு அதை ஊருக்கெல்லாம் காட்டி, உங்கள் கருத்து என்ன என்று கேட்பார்கள். கேட்டால் சும்மா இருப்பார்களா? பால் விற்பவர் பாலைக் கூட்டு என்பார். எண்ணெய் விற்பவர் எண்ணெயில் கை வைக்காதே என்பார். எல்லாரையும் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் உணவுக் கையேடு அச்சுக்குப் போகும்.

எனக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதே கட்டடத்தில் சம்பளப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தொலைபேசியைக் கவனிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று, காலையில் வந்த கையோடு என்னைப் பிடித்து அங்கே உட்காரவைத்துவிட்டார்கள்.

"உங்க குரல்தான் கணீர்னு இருக்கும். நீங்களே பாத்துக்குங்க" என்றார் மேலதிகாரி. வேலையைத் தலையில் கட்டும்போது மட்டும் இவருக்கு என் குரல் பிடித்துவிடும்.

மண்டபத்துக்கு வர முடியாதவர்கள் தொலைபேசியில் பேசலாம். பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும். அவர்கள் பேசுவது மண்டபம் முழுக்கக் கேட்கும். பேசி முடித்ததும் நான் மைக்கைப் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இப்படிப் பேசுவதற்கு யாரிடமாவது பணம் வாங்கினீர்களா? முதலிலேயே கேட்டால் ஒன்றும் அறியாதவர்கள்கூடப் பயந்து போனை வைத்துவிடுகிறார்களாம், அதனால் கடைசியில். ஆமாம் என்றால் அந்தப் பேச்சு குறிப்பில் ஏறாது. ஆமாம் என்று சொல்லும் அளவுக்கு யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்று எல்லாரும் மோதிக்கொண்டது ஒரே ஒரு வரிக்காக. 'குழந்தைகளுக்கு இனிப்புப் பானம் வேண்டாம்' என்று வரைவு பட்டென்று சொல்லியிருந்தது. அதை 'அளவோடு கொடுக்கலாம்' என்று மாற்றச் சொல்லி ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற டாக்டரம்மா எதற்கும் மசியவில்லை.

அடுத்த எண்ணை இணைத்தேன். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. காலையில் என் வீட்டுக் குளியலறையில் கேட்ட அதே செருமல்.

சே, உலகத்தில் தொண்டையைச் செருமுகிற ஆண்களுக்கா பஞ்சம்? என் வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இந்நேரம் அங்கே யாரையாவது விரட்டிக்கொண்டிருப்பார்.

"வணக்கங்க. அதாவது பாத்தீங்கன்னா, நான் ஒரு சாதாரண ஆளு."

அந்த 'அதாவது பாத்தீங்கன்னா' இல்லாமல் என் வீட்டுக்காரருக்குப் பேச்சே தொடங்காது.

"என் மனைவி தவறிப் போயி மூணு வருஷம் ஆச்சுங்க" என்றது குரல்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இவர் வேறு ஆள். என் வீட்டுக்காரருக்குத்தான் மனைவி குத்துக்கல் மாதிரி இங்கே உட்கார்ந்திருக்கிறாளே! போய்ச் சேர்ந்த அந்தப் புண்ணியவதிக்காக உச்சுக்கூடக் கொட்டினேன்.

"தாயில்லாப் புள்ளைங்க. சாயங்காலம் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிட்டுப் போனாதான் அதுங்க மூஞ்சில சிரிப்பே வரும். எங்க குண்டுமணி இருக்காளே, பாட்டில ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, 'அம்மா இருந்தா அவங்களுக்கும் ஒரு வாய் குடுத்திருப்பேன்பா'ன்னு சொல்லுவா. அந்த ஒரு சந்தோஷத்தையும் வேண்டாம்னு எழுதிடாதீங்க."

குண்டுமணி. எங்கள் மகளுக்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர். வீட்டு வாசலைத் தாண்டி அது யாருக்கும் தெரியாது. பாட்டில் பானம் என்றாலே அவளுக்குக் குமட்டும் என்பதும் வெளியில் யாருக்கும் தெரியாது.

உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று சொல்ல வாய் வருகிறது. அதுதான் மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டதாமே!

காலையிலிருந்து மசியாத டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அளவோடன்னே போட்டுடலாமோ?" என்று பக்கத்தில் இருந்தவர் அவரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. டாக்டரம்மா தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். கேள்வி கேட்க வேண்டும்.

இல்லை என்று இவர் சொல்லிவிட்டால், இத்தனை சுலபமாகப் பொய் சொல்கிற ஆளோடுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேனா? ஆமாம் என்றால், கை நிறையச் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்தக் காசு எதற்கு? எதைச் சொன்னாலும் என் வீடு இனி பழைய வீடு இல்லை. மைக்கைப் போட்டேன்.

"இப்படிப் பேசுவதற்கு யாரிடமாவது பணம் வாங்கினீர்களா?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் நின்றது. எங்கோ பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. என் குரல் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"இருக்கேங்க." மறுபடி தொண்டையைச் செருமினார். "வாங்கினேன்."

மண்டபம் சலசலத்தது.

"பானக் கம்பெனிக்காகப் பேச ஆள் புடிச்சுக் குடுக்கிற ஒருத்தர் குடுத்தாருங்க. என்ன பேசணும்னு சொல்லிக் குடுத்ததும் அவர்தான். எனக்கு வேலை போயி எட்டு மாசமாச்சு. கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்தைத்தான் சம்பளம்னு மாசாமாசம் வீட்ல குடுத்தேன். அதுவும் தீந்துபோச்சு. வீட்ல சொல்லலை."

டாக்டரம்மாவுக்குக் குழம்பிவிட்டது. "வீட்ல யார்கிட்ட சொல்லலை? மனைவிதான் தவறிட்டாங்கன்னீங்களே?"

"இருக்காங்க" என்றார் அவர். "இப்ப கேள்வி கேட்டது அவதாங்க."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. மேலதிகாரி வாயைப் பிளந்தபடி நின்றார்.

ஆத்திரம் வந்தது. பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று இடியாக இறங்கியது. வேலை போன சேதியை என்னிடம் வந்து சொல்வதைவிட, நான் செத்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்வது இந்த மனுஷருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவ்வளவு பயமா என்னிடம்? ஊரில் உள்ளவர்களின் சம்பளத்தையெல்லாம் பைசா பிசகாமல் போடுகிறவள், பக்கத்தில் படுத்திருப்பவரின் முகத்தை எட்டு மாதமாகப் பார்க்கவே இல்லை.

மைக்கை அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"தினம் சாப்பாடு கட்டிக் குடுக்கிறேனே" என்றேன். "எங்க உக்காந்து சாப்பிடுறீங்க?"

"பஸ்லதான். கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கினதும், பின் சீட்ல உக்காந்து சாப்பிடுவேன். கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

இந்தப் பேச்சு குறிப்பில் ஏறாது, வரைவில் உள்ள வரி அப்படியே இருக்கும் என்று டாக்டரம்மா தணிந்த குரலில் அறிவித்தார். "அடுத்த ஆளைப் போடும்மா" என்று மேலதிகாரி பின்னால் இருந்து கிசுகிசுத்தார். இவருடைய லைனைத் துண்டித்தால்தான் அடுத்த ஆள் வருவார். நான் துண்டிக்கவில்லை.

"எந்த பஸ்ஸு?" என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்க. "சொல்லுங்க. செத்தவ நேர்லயே வரேன், பேசணும்."