தூதுவன் எழுதிய இத்தாலியப் பாடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியும் தங்கையும் பேசிக்கொள்ளாததால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. இருவரும் ராசியாகிவிட்டால் வீட்டுக்கு நிம்மதி, கதை அம்போ.

2

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்...’ பெய்யவில்லை. விடுங்கள்.

இரண்டாவது: தங்கை காப்பி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். அவற்றைத் தயாரிக்கும் இத்தாலிய நிறுவனத்தில் வேலைக்கு முயல்கிறாள். திங்களன்று வாய்மொழித் தேர்வு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கைப்பேசியில் இத்தாலிய மொழிப் பாடத்தை ஓடவிட்டு, வினைச்சொற்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் என் மனைவி. டப்பிங் கலைஞர். திரையில் அசையும் உதட்டுக்கு அசை எண்ணிப் பேசுவது அவள் பிழைப்பு. சில நாள் முன்பு, “யாரோ வாயசைக்கிறதுக்கு நீங்க கத்துறீங்க, இதெல்லாம் ஒரு வேலையா அண்ணி?” என்று தங்கை விளையாட்டாகக் கேட்டுவைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

3

“டொர்-மோ-னோ,” என்றாள் தங்கை.

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, முதல் அசையை அழுத்தணும். டோர்-மொ-னோ.”

சொன்னேன்.

“அண்ணிகிட்ட கேளு, பாடத்துல டொர்-மியா-மோன்னு நடுவுல அழுத்துறாங்களே?”

கேட்டேன்.

“அது ‘நாங்க தூங்குறோம்’. இது ‘அவங்க தூங்குறாங்க’. ஆள் மாறினா அழுத்தமும் மாறுது. பாடத்துலயே வருது, காது குடுத்துக் கேக்கச் சொல்லுங்க.”

(இங்கே மனைவியின் பாத்திரம் எனக்கே இடிக்கிறது. கோபத்தில் இருப்பவள் சொல்லித்தருவாளா? தருவாள். தப்பான உச்சரிப்பைக் கேட்டுக்கொண்டு அவளால் வெங்காயம்கூட உரிக்க முடியாது.)

4

கதாசிரியனாக நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தூது நடக்கும்வரைதான் கதை. அண்ணனாக எழுந்து, துணி எடுக்கிற சாக்கில் பால்கனிக்குப் போனேன்.

முதல் துணியை எடுக்கும்போது உள்ளிருந்து தங்கையின் குரல்.

“அண்ணி... நீங்களே ஒரு தடவை சொல்லுங்களேன்.”

[இங்கே ஒரு நீண்ட வர்ணனை இருந்தது. அடித்துவிட்டேன்.]

“மேசையில தட்டு. டோர்ல ஓங்கித் தட்டு, மத்த ரெண்டுக்கும் மெதுவா.”

“டோர்-மொ-னோ. அண்ணி, அன்னிக்கு நான் பேசினது...”

“முதல்ல திங்கக்கிழமையைப் பாரு. இன்னொரு தடவை.”

இரண்டு பேரின் கைகளும் மேசையில் தட்டின.

5

முடிவு அ: தேர்வில் தேறுகிறாள். முடிவு ஆ: தேறாமல்... திங்கட்கிழமை இன்னும் வரவில்லை, எனக்கென்ன தெரியும்?

இப்போது உள்ளே இத்தாலி நின்றுபோய்த் தமிழ் ஓடுகிறது. நடுநடுவே சிரிப்பு. சந்தோஷமாக இருக்கிறது எனக்கு. என்ன பேசுகிறார்கள் என்று எழுத வேண்டுமானால் நான் உள்ளே போக வேண்டும். போனால் நிறுத்திவிடுவார்கள். மடித்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறேன். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.