நாலு சாமி குடியிருந்த கல்

இங்கிலாந்தில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் ஒரு பழைய மாதாகோயில் இருக்குமாம். அதைச் சுற்றி இடிந்த சுவர் ஒன்று, ரோமாபுரிக்காரன் போட்ட ரஸ்தா ஒன்று, உள்ளே யார் படுத்திருக்கிறார் என்றே தெரியாத மேடு ஒன்று. ஊர்ப் பாதிரியார் ஓய்வு நேரத்தில் இவற்றைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, ஊராரிடமே விற்றும் விடுவார். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் உள்ள எங்கள் குப்பத்தில் இடிந்த சுவருக்குப் பஞ்சமே இல்லை. பாதிரியார்தான் கிடைக்கவில்லை.

அந்தக் குறை தீர, ஐம்பத்திரண்டாம் வருஷம் ஜஹானாரா பேகம் வந்து சேர்ந்தார். பட்டணத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவர். கடலோரத்துப் பழஞ்சின்னங்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பைத் தொல்பொருள் இலாகா அவரிடம் விட்டிருந்தது. தலையில் முக்காடு, தோளில் பை, கையில் அளவு நாடா, காலில் எங்கள் மணலை நம்பி வந்த செருப்பு.

முதலில் பீரங்கியைக் காட்டினோம். மணலில் பாதி புதைந்து கிடக்கும் அது எங்கள் பரம்பரைப் பெருமை. பிரெஞ்சுக்காரன் எங்களைச் சுட்டது என்று ஒரு கட்சி, பிரெஞ்சுக்காரனை நாங்கள் சுட்டது என்று இன்னொரு கட்சி. இந்தத் தகராறில் ஒரு கல்யாணமே நின்று போயிருக்கிறது. அம்மையார் குனிந்து உள்ளே பார்த்தார், தட்டிக் கேட்டார், நிமிர்ந்தார்.

"துறைமுகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய். அம்பது வருஷம் இருக்கும்."

"அம்பது வருசத்துக் கொயாயா!" என்று எங்கள் குப்பத்து மனோகரன் மலைத்துப் போனான். "நம்மாளுங்க அப்பவே கொயா வச்சிருந்தாங்கடா!"

எங்கள் பெருமையை அசைக்க ஒரு குழாய் போதாது.

ஆனால் அவர் வந்த காரியம் குழாய் அல்ல, கல். கரைமேட்டில் ஆள் உயரத்துக்கு நிற்கும் மொட்டைக் கல் அது; சுண்ணாம்பு பூசிப் பூசி இடுப்பு பெருத்துப் போனது. அதையொட்டிய நிலத்தைச் சுயம்பு முதலாளி வாங்கியிருந்தார். தென் ஜில்லாக்காரர், கொருக்குப்பேட்டையில் மொத்த வியாபாரம், எங்கள் கருவாட்டில் பாதியை அவர்தான் எடுக்கிறார். கருவாட்டுக்குக் குடோன் கட்டப் போகிறார், குடோனின் சுவர் கல்லின்மேல் வருகிறது. கல் புராதனமானது என்று அம்மையார் சொன்னால் சுவர் ஒதுங்கிப் போக வேண்டும், இல்லையென்றால் கல் போக வேண்டும் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

கல் போனால் என்ன நஷ்டம் என்று வாசகர் கேட்கலாம். கடலில் தெருப்பெயர் எழுதிய பலகை கிடையாது. தண்ணீருக்கு அடியில் பாறைத்திட்டுகள் இருக்கின்றன, பார் என்போம். கலவாய் மீனும் சங்கராவும் அங்கேதான் குடித்தனம் செய்யும். பாரின் தலைக்கு மேல் சரியாக நிற்க வேண்டுமானால் கரையைப் பார்க்க வேண்டும். முன்னால் இருக்கும் ஓர் அடையாளம் பின்னால் இருக்கும் ஒன்றை மறைக்க வேண்டும். பக்கவாட்டில் இன்னொன்று வேறொன்றைத் தொட வேண்டும். அங்கே நங்கூரக்கல்லை இறக்கினால் சோறு. கரையில் ஒரு தென்னை தள்ளிப் பார்த்து இறக்கினால் வெறும் சேறு.

இந்த அடையாளத்தை அப்பன் மகனுக்கு மட்டும் சொல்வான். பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டான், அவளுக்கு அண்ணன் தம்பி உண்டு. எங்கள் கட்டுமரக்காரன் குமாரவேலுக்கு அவன் நைனா சாகக் கிடந்தபோது காதில் சொன்னார். முன்னால் நிற்பது இந்த வெள்ளைக்கல். பின்னால் எது, பக்கவாட்டில் எது என்று இங்கே எழுதுவதாக இல்லை. வாசகர்களில் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கலாம்.

குமாரவேலுக்குத் தெரியாத சங்கதி ஒன்றே ஒன்று. குப்பத்தில் எல்லா வீட்டாருக்கும் முன் அடையாளம் அதே கல்தான். பின்னால் பார்ப்பது மட்டும் வீட்டுக்கு வீடு வேறு, அதனால் பாரும் வேறு. கல் கடலிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டாரும் வருஷத்துக்கு ஒரு தரம் சுண்ணாம்பு பூசினார்கள். கேட்டால் நேர்த்திக்கடன் என்றார்கள். யாரும் யாரையும் குடைந்து கேட்டதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே.

அம்மையார் கல்லைச் சுற்றி வந்தார். எழுத்து ஏதும் இல்லை. "இது என்ன கல்?" என்று கேட்டார்.

"சாமிமா," என்றான் குமாரவேல் சட்டென்று. "மதுர வீரன்."

"கன்னியம்மாடா!" என்றாள் மீன்காரி பவுனம்மாள். புருஷன் போனபின் மகன்களைக் கடலுக்கு அனுப்பிக் குடும்பத்தை நடத்துகிறவள். "பொம்பள சாமிக்கு மீச வைக்கிறான் பாரு, கஸ்மாலம்."

"ரெண்டு பேரும் சும்மாரு. முனீஸ்வரன்," என்றான் மனோகரன்.

பின்னாலிருந்து யாரோ பாவாடைராயன் என்றார்கள். ஒரே கல்லில் நாலு சாமி சண்டையில்லாமல் குடியிருப்பது எங்கள் குப்பத்தில் மட்டும்தான் நடக்கும்.

அம்மையார் சிரிக்கவில்லை. நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். "தரையைப் பார்த்த பக்கம் வெறும் கருங்கல். கடலைப் பார்த்த பக்கம் சுண்ணாம்பு ஒரு சாண் கனம். உங்கள் சாமிக்குப் பக்தர்கள் எல்லாரும் தண்ணீரிலிருந்தா வருகிறார்கள்?"

எல்லோரும் அவரவர் கால் பெருவிரலைப் பார்த்தோம்.

"எழுத்து இல்லாத கல் வெறும் கல்தான். ஆனால் பழங்காலம் தொட்டு ஒரு வேலைக்குப் பயன்பட்டு வந்திருந்தால், அந்த வேலை என்ன என்று தெரிந்தால், இதைச் சின்னம் என்று நான் எழுதலாம். யாராவது சொல்லுங்கள்."

சொன்னால் பக்கத்தில் நிற்பவன் காதிலும் விழுமே. அதற்குள் சுயம்பு முதலாளி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? நானும் சாமி கும்பிடுதவன்தான். சாமியை நான் அவமரியாதை செய்வேனா? பத்தடி தெக்க தள்ளி மேடை கட்டி நட்டுத் தாரேன். மேல ஒரு கூரையும் போட்டுத் தாரேன். வருசா வருசம் கொடைத் திருவிழாவும் என் செலவு. சாமி எங்க இருந்தா என்ன, அருள் வராமப் போயிருமா?"

உண்மையில் பெரிய மனசுதான். மறுக்க ஒரு காரணமும் இல்லை. கல் சாமி என்று நாங்களே சொல்லியாயிற்று. சாமி பத்தடி நகரலாம். அடையாளம் ஓரடி நகர்ந்தால் கடலில் பார் எங்கேயோ போய்விடும்.

"இன்னாயா," என்றாள் குமாரவேலின் மனைவி நீலா, அவன் முழங்கையை இடித்து. "மூஞ்சி இப்டி வெளுத்துகினு கீது? மதுர வீரனுக்குக் கூர போட்டா நல்லதுதான?"

குமாரவேல் கல்லைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். கடைசியாக மைத்துனன் மனோகரனைப் பார்த்தான். மனோகரன் குப்பத்திலேயே கூர்மையான காதுள்ளவன்.

"சாமி இல்லமா," என்றான் குமாரவேல்.

"பின்னே?"

"எங்க பாருக்கு அடையாளம். எங்க நைனா சொன்னது. அவுரு நைனா அவுருக்குச் சொன்னது." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, கல்லுக்குப் பின்னால் எது மறைய வேண்டும், பக்கத்தில் எது எதைத் தொட வேண்டும், எல்லாவற்றையும் குப்பத்தின் நடுவில் நின்று கைநீட்டிக் காட்டிச் சொன்னான். அம்மையார் அவன் விரலுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கல்லையும் அடிவானத்தையும் பார்த்தார்.

சொல்லி முடித்ததும் அவன் முகம் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் வந்தவன் முகம் போல இருந்தது.

"ஒருத்தன் சொன்னாப் போதுமா?" என்றார் சுயம்பு. "சுவரு வளையணும்னா நான் கூடத்தான் பத்து கதை சொல்லுவேன்."

"கத இல்ல மொதலாளி," என்றான் மனோகரன். அவன் குரலே மாறியிருந்தது. "நானும் இந்தக் கல்லத்தான் பாக்குறேன். பின்னால பாக்குறது வேற."

"என் வூட்டுக்காரரும் இத்தத்தான் பாத்தாரு. இப்போ என் புள்ளைங்க பாக்குதுங்க," என்றாள் பவுனம்மாள். "கன்னியம்மா மன்னிக்கட்டும்."

அதன்பிறகு நானும், நானும் என்று ஒரே கூச்சல். ஒரு ரகசியத்தை இத்தனை குடும்பம் இத்தனை தலைமுறையாக ஒருவருக்கொருவர் தெரியாமல் காப்பாற்றி வந்திருக்கிறது. எந்த ராஜாங்கத்தின் மந்திரிசபையாலும் முடியாத காரியம் என்று துணிந்து சொல்வேன்.

அம்மையார் ஒரு சாண் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தார். "எத்தனை தலைமுறைக் கைகள்," என்றார், வேறு யாரிடமோ பேசுகிறவர் போல. பிறகு சுயம்புவிடம் திரும்பினார். "கடலடையாளக் கல் என்று எழுதப் போகிறேன். சுவர் வளைய வேண்டும்."

சுயம்பு கல்லை ஒரு தரம், குமாரவேலை ஒரு தரம் பார்த்தார். "வளையட்டும். மீனு வந்தாத்தானே நமக்குக் கருவாடு," என்று சொல்லிவிட்டு, கொத்தனாரைத் திட்டப் போனார். அன்று யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

குப்பமே கொண்டாடியது. குமாரவேல் வீட்டில் மட்டும் அடுப்பு புகைந்தது.

"அல்லாரும் பாதி சொன்னாங்க," என்றாள் நீலா. "நீ மட்டும் முயுசா கொட்டிட்டு வந்துட்ட. நாளைக்கு ஒம் பாருல நிக்க எடம் கெடைக்குமா? என் அண்ணனே மொத ஆளா வந்து நிப்பான்."

"தெர்யும்," என்றான் குமாரவேல்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே கட்டுமரத்தைத் தள்ளினான். கூட்டம் வருவதற்குள் ஒரு தூண்டிலாவது போட்டுவிடலாம் என்று கணக்கு. வெளிச்சம் வந்தபோது அவன் பாரின் மேல் இருந்தான். சுற்றிலும் பார்த்தான். கடல் காலியாகக் கிடந்தது. குப்பத்துக் கட்டுமரங்கள் எல்லாம் தூரத்தில், அவனிடமிருந்து எவ்வளவு விலகிப் போக முடியுமோ அவ்வளவு விலகிப் பாய் விரித்திருந்தன. வழக்கமாக இந்தப் பக்கம் வருகிறவர்கள்கூட ஒரு பெரிய சுற்றுச் சுற்றிப் போனார்கள்.

ஒரே ஒரு மரம் மட்டும் அருகில் வந்தது. மனோகரன். வடக்கே போகிறவனை நீவாடு, அதான் கடல் நீரோட்டம், இந்தப் பக்கம் இழுத்து வந்துவிட்டது. கிட்ட நெருங்கியதும் அவன் துடுப்பைத் தொடைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"யோவ் மச்சான்! இன்னாயா பண்ற?"

"யாரு அது? எனுக்கு ஒண்ணியும் தெர்ல. நீ எங்க கீறன்னே தெர்ல!"

"துடுப்பு போடுயா, நீவாடு இயுக்குது! நேரா எம் பாரு மேலதான் வந்துகினு கீற!"

"ஐயோ! அப்ப கண்ணத் தொறக்கவே மாட்டேன் மாப்ள. நீயே சொல்லு, சோத்துக் கையா, பீச்சாங் கையா?"

குமாரவேலுக்குச் சிரிப்பில் மரமே ஆடியது. சோத்துக் கை, பீச்சாங் கை என்று தொண்டை கட்டும்வரை கத்திக் கத்தி, கண்மூடித் துடுப்புப் போட்ட மைத்துனனைத் தன் பாரைவிட்டு வெளியே ஓட்டினான். வெகுதூரம் போன பிறகும் மனோகரன் திரும்பிப் பார்க்கவில்லை.

குமாரவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நங்கூரக்கல்லை இறக்கினான்.