கடைசி விலைச் சொல்

பகவதிப்பெருமாள் அண்ணாச்சியின் கடையில் எந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் விலை இருக்காது. இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். ஆரியசாலைக் கடைத்தெருவில் பழைய வியாபாரிகளுக்கு இது பழக்கம். ஒவ்வொரு கடைக்கும் ரகசியமாக ஒரு சொல் உண்டு. அதில் பத்து எழுத்து இருக்க வேண்டும். எந்த எழுத்தும் இரண்டாம் முறை வரக்கூடாது. முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, இப்படியே போய்ப் பத்தாவது எழுத்து சைபர். ஒரு கடைக்காரர் 'பிளாக்ஸ்மித்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்திருக்கிறார் என்றால், எல், கே, ஹெச் என்று எழுதிய பானை அவருக்கு இருநூற்று ஐம்பது ரூபாய்க்கு வந்தது என்று பொருள்.

எங்கள் கடைச் சொல் அண்ணாச்சிக்கும் அவர் மனைவி சுசீலாபாய் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். வாங்க வருகிறவர் எவ்வளவு நேரம் பேரம் பேசினாலும் நாங்கள் அண்ணாச்சியைத்தான் பார்ப்போம். அவர் பாத்திரத்தைக் கவிழ்ப்பார், மூக்குக்கண்ணாடியை உயர்த்துவார், கடைசி விலை சொல்வார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் காலையில் குளித்துத் திருநீறு பூசிக் கடைக்கு வருகிறார் என்று எனக்குத் தோன்றும். நான் பில் போடுகிறவள். அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை.

கடைக்கு மேலேயே வீடு. இன்டர்நெட் இணைப்பு கீழே என் கம்ப்யூட்டரில். கல்லூரியில் படிக்கும் மகள் ஷீனாவுக்கு லேப்டாப் வாங்கியதும், மாடிப்படி வழியாக ஒரு நீல வயரை மேலே இழுத்தார்கள். அந்த வயரில் கால் தடுக்கிச் சுசீலாபாய் அக்கா ஒரு சட்டி ரசத்தைப் படி முழுக்க ஊற்றினார்.

"ஒண்ணுகில் இந்த வயரு, அல்லேங்கில் நான்," என்றார் அக்கா. "ரெண்டுல எது வேணும்னு உங்க அப்பாட்ட கேட்டுச் சொல்லு ஷீனா."

மறுநாள் அண்ணாச்சி ஒரு வைஃபை ரூட்டரை வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார்.

"ஜெபா, நீ சாயங்காலம் படிக்கப் போறியே, அதுல இதுவும் உண்டும்லா?"

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் நடக்கும் நெட்வொர்க்கிங் வகுப்பு அது. அங்கே இருந்தது ஒரே ரூட்டர். சார் அதை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டிவிட்டு, திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார். தொட்டால் வாரன்டி போய்விடும் என்று பயம்.

"உண்டு அண்ணாச்சி. ஆனா கம்பெனி ஆளக் கூப்பிட்டா நல்லாருக்கும்."

"வெளிய உள்ளவன் வந்தா கம்ப்யூட்டரைத் தொடுவான். நம்ம சங்கதியெல்லாம் அதுலல்லா கெடக்கு. ரகசியம் போனா பின்ன வியாபாரம் எதுக்கு?"

மதியம் கடை ஓய்ந்திருந்த நேரத்தில் தொடங்கினேன். எந்த வயர் எங்கே என்று முதலில் ஒரு தாளில் படம் வரைந்துகொண்டேன். மோடத்திலிருந்து வரும் வயரை ரூட்டரில் தனியாக இருந்த துளையில் செருகினேன். அது சரிதானா என்று சந்தேகம் வந்தது. பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகினேன். இன்டர்நெட் வரவில்லை. பழையபடி மாற்றினேன், வந்தது. முதலில் செய்ததே சரி என்பதைத் தப்பாகச் செய்து பார்த்துத்தான் நான் நம்புகிறேன். இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் ரூட்டரின் எண்களை அடித்தேன். பக்கம் திறந்தது. பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று கையேட்டில் இருந்ததை வாசித்தேன்.

"பேரும் அதுதான், சாவியும் அதுதானா?" அண்ணாச்சி முகம் சுளித்தார். "பூட்டுலயே சாவியத் தொங்கவிட்டுட்டுப் போற மாதிரியல்லா இருக்கு. இந்தக் கம்பெனிக்காரன் கடை வெச்சுப் பாத்திருக்கானா?"

அடுத்து வைஃபைக்கு ஒரு பெயர் கேட்டது. "ஸ்ரீ பகவதி மெட்டல் ஸ்டோர்ஸ், பித்தளை, செம்பு, எவர்சில்வர், மொத்தமும் சில்லறையும், ஆரியசாலை," என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல அடித்தேன். பித்தளை முடிவதற்குள் கட்டம் நின்றுவிட்டது.

"ஏன் நிப்பாட்டினே?"

"இதுக்கு மேல எடுக்காது அண்ணாச்சி."

"போர்டு எழுதுதவன்கூட நாம சொன்னதை முழுசா எழுதுவான். சரி, பித்தளைய எடு. அதை இப்ப எவன் வாங்குதான்."

பிறகு பாஸ்வேர்டு. கையேட்டில் இருந்ததை அப்படியே வாசித்தேன்: எட்டெழுத்துக்குக் குறையக் கூடாது, பிறர் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும், உங்களுக்கு ஒருபோதும் மறக்காததாக இருக்க வேண்டும்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட படிப்பு, நிறம், நட்சத்திரம் எல்லாம் தன் வீட்டிலேயே இருப்பதைக் கண்ட தகப்பனைப் போல இருந்தார்.

"அப்படி ஒரு சொல்லு நம்மட்ட உண்டு. நீ எழும்பு. அந்தப் பக்கம் திரும்பு."

நான் எழுந்து திரும்பி நின்றேன். அவர் தோளில் கிடந்த துண்டைத் தலையோடு சேர்த்துக் கம்ப்யூட்டர் திரைமேல் போட்டு மூடிக்கொண்டு, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். ஆவி பிடிக்கிறவரைப் போலிருந்தது. பிறகு மாடிக்குப் போய் ஷீனாவையும் திருப்பி நிறுத்தி, அவள் லேப்டாப்பிலும் அதையே அடித்துவிட்டு வந்தார். வயரைச் சுருட்டிப் பரணில் போட்டோம். சுசீலாபாய் அக்கா எனக்குப் பால் பாயசம் கொடுத்துவிட்டார். நான் ஒரு வேலையைத் தப்பில்லாமல் முடித்துவிட்டேன் என்று அன்று முழுக்க நம்பினேன்.

அடுத்த நாள் ஷீனா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். அண்ணாச்சி வங்கிக்குப் போயிருந்தார்.

"சேச்சி, எந்தா இந்த பாஸ்வேர்டு? அப்பா எங்கேர்ந்து பிடிச்சாரு இதை?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இதுல 'எழுத்தைக் காட்டு'ன்னு ஒரு சின்னக் கட்டம் உண்டு. டிக் பண்ணினா மதி, எல்லாம் தெரியும்."

துண்டு போட்டு மூடிய எழுத்துகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் பில் போட வைத்திருந்த குக்கர் கவிழ்ந்து கிடந்தது. அதன் சீட்டில் மூன்று எழுத்துகள். மூன்றும் அந்தச் சொல்லில் இருந்தன. இட்லிச் சட்டியைக் கவிழ்த்தேன். அதன் எழுத்துகளும் இருந்தன. சொல்லில் பத்தெழுத்து. ஒன்றும் திரும்ப வரவில்லை. நான் கணக்குப் போட நினைக்கவில்லை. அது தானாகவே நடந்துவிட்டது. குக்கர் என்ன விலைக்கு வந்தது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அலமாரிப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது. குளிக்கிற இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி.

"ஷீனா, இதை யாருக்கும் சொல்லாதே."

"விஜய்குமாருக்கு நேத்தே மெசேஜ் அனுப்பியாச்சே. அவன் வீடு வரை ரேஞ்ச் உண்டு. புராஜெக்ட் ரெண்டு பேரும் ஒண்ணிச்சுத்தான் செய்யறோம்."

விஜய்குமார் எதிர்க் கடைத் திரவியத்தின் மகன். திரவியமும் பாத்திர வியாபாரிதான்.

"அவன் மட்டும்தானே பார்த்தான்?"

"அவன் அடிக்கும்போ அவங்கப்பாதான் மெசேஜை வாசிச்சுக் கொடுத்தாராம். நல்ல சொல்லுன்னு சொன்னாராம். அவருக்கு ரொம்ப இஷ்டப்பட்டுதாம்."

வேறு யார் வாசித்திருந்தாலும் அது வெறும் பாஸ்வேர்டு. ஆரியசாலைப் பாத்திர வியாபாரி ஒருவர் வாசித்திருக்கிறார்.

அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்கும் தெரியும் என்பது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் தினமும் தெரு நடுவில் துணியில்லாமல் நிற்பார், அது அவருக்கே தெரியாது. எப்படித் தொடங்குவது என்று மனத்தில் வாக்கியங்களை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தபோது, எதிர்க் கடையிலிருந்து பிச்சைக்கனி வந்தார். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் வைத்திருப்பவர். ஒரு சட்டி வாங்கினால்கூட இரண்டு டீ குடிக்கும்வரை பேரம் பேசுவார். அன்றைக்கு இட்லிச் சட்டியைக் கவிழ்த்து, உதடுகளை அசைத்து எதையோ எண்ணினார்.

"அண்ணாச்சி, பேச்செல்லாம் வேண்டாம். ஐநூத்தி எண்பதுக்கு வந்த சாமான். உமக்குப் பத்து ரூவா லாபம். பில்லப் போடச் சொல்லும்."

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். சீட்டைப் பார்த்தார். பிச்சைக்கனியைப் பார்த்தார்.

"இது விக்கதுக்கில்ல பாய். டேமேஜ்."

"அப்போ இது?" பிச்சைக்கனி ஒரு அண்டாவைச் சாய்த்தார். "தொள்ளாயிரத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

"அதுவும் டேமேஜ்."

"இந்தக் கரண்டி?"

"ஓட்டை."

"கரண்டியில ஓட்டையா?"

"கண்ணுக்குத் தெரியாது."

அன்றைக்குக் கடையில் ஓட்டையில்லாத பொருளே இல்லை. பிச்சைக்கனி சிரித்துக்கொண்டே எதிர்க் கடைக்குப் போனார். திரவியம் வாசலில் நின்று, "என்ன ஓய், மொத்தச் சரக்கும் டேமேஜா? இன்சூரன்ஸ் எடுத்திருக்கீராக்கும்?" என்று கேட்டார். அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் மேஜைக்கு வந்தார். ரூட்டரைச் சுட்டிக்காட்டித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஜெபா, அந்தப் பெட்டி நம்ம பாத்திரத்தையெல்லாம் வாசிக்குமா?"

"வாசிக்காது அண்ணாச்சி. நீங்கதான் அதுக்கு வாசிச்சுக் கொடுத்தீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"உடனே மாத்து."

மாற்றினேன். ஷீனாவே புதிதாக ஏதோ ஒன்று போட்டாள்.

"இனி திரவியத்துக்குத் தெரியாதுல்லா?"

"வைஃபை கெடைக்காது அண்ணாச்சி. சொல்லு தெரியும்."

"உனக்கும் தெரியும்."

"மறக்கப் பாக்குதேன் அண்ணாச்சி."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு. "உங்க கிளாஸுல இதுக்கு என்ன சொல்லித் தந்தாவ?"

சார் சொன்னதைச் சொன்னேன். சொல்லை மாற்ற வேண்டும்; எல்லாச் சீட்டையும் புதிதாக ஒட்ட வேண்டும். புதியது அர்த்தமுள்ள சொல்லாக இருக்கக் கூடாது, அர்த்தம் இருந்தால் ஊகித்துவிடுவார்கள். எழுதி வைக்கக் கூடாது. யாருக்கும் அனுப்பக் கூடாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் சரியாகத்தான் சொல்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

சுசீலாபாய் அக்கா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தத் தெருப் பெண்களுக்குச் சீட்டு நடத்துகிறவர். ஆங்கில எழுத்துகளைத் துண்டுத் தாள்களில் எழுதிச் செம்புக்குள் போட்டு, சீட்டுக்குக் குலுக்குவது போலவே குலுக்கினார். என்னையும் ஷீனாவையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் பத்துத் தாளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு அவர்கள் இருவரும் புதுச் சீட்டுகள் எழுதினார்கள். எனக்குக் கொடுத்த வேலை பழைய சீட்டுகளை வெந்நீரில் ஊறவைத்து உரிப்பது. பார்க்காமல் உரிக்கச் சொன்னார் அண்ணாச்சி. முடிந்தவரை அப்படியே செய்தேன்.

திங்கட்கிழமை பிச்சைக்கனி திரும்பவும் வந்தார். இந்த முறை வேறொரு இட்லிச் சட்டியைக் கவிழ்த்து உதட்டை அசைத்தார். பாதியில் நின்றது. திரும்ப அசைத்தார். எதிர்க் கடையைப் பார்த்தார். திரவியம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சரி அண்ணாச்சி," என்று பிச்சைக்கனி தோளைத் தளர்த்தினார். "கடைசி விலை சொல்லும்."

அண்ணாச்சி சட்டியை வாங்கிக் கவிழ்த்தார். மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். இப்போது அவருடைய உதடும் அசைந்தது. அதுவும் பாதியில் நின்றது. மூன்று எழுத்தும் அவருக்குத் தெரிந்தன. அவை எத்தனையாவது எழுத்துகள் என்பதுதான் வரவில்லை. அர்த்தமில்லாத பத்தெழுத்து. எழுதியும் வைக்கவில்லை. எல்லாம் என் பாடப்படி சரியாகத்தான் நடந்திருந்தது.

"சுசீ," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "இந்தச் சின்ன இட்லிச் சட்டி…"

எழுத்துகளைச் சொல்ல வாயெடுத்தார்.

"வாயைத் திறக்கண்டாம்," என்றது மாடி. "சட்டியைப் படி வழியாக் குடுத்துவிடுங்க."

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா சட்டியின் அடியை ஒருமுறை பார்த்துவிட்டு, அண்ணாச்சியிடமோ என்னிடமோ சொல்லாமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"அறுநூத்தி அறுபது. கொறைக்கண்டாம்."

வாங்கிய விலைக்குமேல் எவ்வளவு வைத்தார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்து வந்த ஒரு குக்கருக்கு வேறு கணக்கில் சொன்னார். எதிர்க் கடையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த திரவியம், இரண்டு விலையையும் பொருத்திப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல் உள்ளே போய்விட்டார்.

பிச்சைக்கனி அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். "ரொம்பக் கூடுதலாக்கும். நீர் சொல்லும் ஓய், ஒரு இருபது கொறைக்கலாம்லா?"

"நான் என்ன செய்ய? மேலல்லா கேக்கணும்."

"அப்போ கேளும்."

அண்ணாச்சி படியில் ஒரு காலை வைத்தார். அவர் குரல் இவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

"சுசீ, பாய் நம்ம பழைய ஆளாக்கும். ஒரு பத்து ரூவா கொறையேன்."

மேலே மிக்ஸி ஓடத் தொடங்கியது. இருவரும் தலையை உயர்த்திக் காத்திருந்தார்கள். அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. நான் அறுநூற்று அறுபதுக்குப் பில் போட்டேன்.