அடுப்பு மூட்டியவளின் பேரன்

சனிக்கிழமைகளில் மிஸஸ் க்ளைன் ஹீட்டரைத் தொடமாட்டா. யூதரின் ஓய்வுநாளில் சுவிட்ச் போடுவதும் வேலைதான். போடச்சொல்லி இன்னொருவரை வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. "இண்டைக்குச் சரியான குளிர், சிவா" என்று வேலிக்கு மேலால் சொல்லுவா. பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரி போய்ப் போட்டுவிட்டு வருவா. லண்டனில் இந்த ஹெண்டனுக்குச் சிவனேஸ்வரி குடிவந்த நாள்முதல் இப்படித்தான்.

அன்றைக்குப் போனபோது சோபாவில் ஒரு மனிசன். ஹங்கேரியில் மிஸஸ் க்ளைன் பிறந்த கிராமத்தவனாம், பெயர் இஸ்த்வானாம். யுத்தத்தில் யூதரைப் பிடித்துக் கொன்ற காலத்தில் உதவினவர்களுக்கென்று ஊரில் 'நல்ல அயலவர்' நினைவுக்கல் திறக்கப்போகிறார்களாம். அதற்கு உயிரோடு மிஞ்சிய ஒரு யூத முகம் வேண்டுமாம். கொண்டுவந்த ஜாம் போத்தலில் போனைச் சாய்த்து, ஓய்வுநாளென்றும் பாராமல் அவவை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மூளையை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று சிவனேஸ்வரி நினைத்தா.

"அரசாங்கம்தான் பிழை. சனம் நல்ல சனம்," என்றான். "என்ர அம்மம்மா சனிக்கிழமையில உங்கட அடுப்பை மூட்டினவ. அதை மட்டும் சொல்லுங்கோ, காணும்."

சொன்னால் ஊர் கழுவித் துடைத்த ஊராகிவிடும். கொல்லப்பட்ட மிஸஸ் க்ளைனின் தாய் தகப்பனுக்குக் கல்லில் இடமில்லை, அடுப்பு மூட்டினவளுக்கு இடம். தூ!

"ஓம், மூட்டினவ," என்றா மிஸஸ் க்ளைன். "யூதன்ர வீட்டில வேலை செய்யக்கூடாதெண்டு சட்டம் வந்த பிறகும் பின்வாசலால வந்தவ. அவவின்ர மடியிலதான் நான் இருப்பன்."

அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஒரு சனிக்கிழமை விடியப் பொலிஸ் எங்களை வண்டியில ஏத்தினது. திரும்பிப் பாத்தன். எங்கட புகைபோக்கியில புகை."

"பாத்தீங்களே! நீங்கள் வருவீங்களெண்டு வீட்டைச் சூடா வைச்சிருக்கிறா."

சிவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழும்புக் கலவரத்தில் அவ அகதி முகாமில் கிடந்தபோது, அங்கே பக்கத்து வீட்டில் இருந்தவள் சோற்றுப் பார்சலோடு வந்தவள். உடுத்தியிருந்தது சிவனேஸ்வரியின் சேலை. அழுதுகொண்டு வேறு வந்தவள்!

"எங்கட மாவில, தன்ர பிள்ளையளுக்கு ரொட்டி சுட்டவ," என்றா மிஸஸ் க்ளைன். "வாசம் றோட்டு வரைக்கும் வந்தது."

அவன் தொண்டையைச் செருமினான். "பரவாயில்லை. முதல் சொன்னதை மட்டும் வெட்டி எடுக்கிறன்."

மிஸஸ் க்ளைன் போனைப் பார்த்தா. பிறகு சிவனேஸ்வரியைப் பார்த்தா. ஒன்றும் கேட்கவில்லை.

அவன் எழும்புமுன் சிவனேஸ்வரி போனை எடுத்து, ஒளிப்பதிவை நிறுத்தினா. அழிக்கிறதுக்கான குப்பைத்தொட்டிப் படம் வந்தது. கறிச்சட்டி கழுவிக் காய்த்த பெருவிரலால் நன்றாக ஊன்றி அமத்தினா.

"ஐயோ, என்ன செய்யிறீங்கள்!" என்று அவன் கையை நீட்டியபடி நின்றான். மிஸஸ் க்ளைன் ஜாம் போத்தலை அவன் பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தா.