கிரகணத்தில் கிளம்பிய வண்டி

எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனிப் பௌர்ணமியன்று சந்திர கிரகணம். என் மகள் பொன்னிக்கு நிறைமாசம். பிரசவத்துக்காக அடி அண்ணாமலைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலைகாட்டினால் பிள்ளை ஊனமாய்ப் பிறக்கும் என்பார்கள். ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற என்னை நம்பி விடமுடியாது என்று அவள் மாமியார் மணியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். வந்ததும் தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டாள். ஜன்னலைச் சாக்கால் அடைத்தாள்.

மத்தியானமே வலி கண்டது. இருட்டி வெகுநேரமானதும் மருத்துவச்சி ஆராயி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"குறுக்கால கெடக்குது உண்ணாமல. என் கையால ஆவாது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ."

மலைக்கு மேலே நிலாவின் ஓரத்தில் கறை ஏறத் தொடங்கியிருந்தது. மணியம்மாள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"கிரகணம் விடட்டும். அப்புறம் போலாம்."

"அதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிடும் சம்மந்தி. அந்த நெலாவுலயே மனுசன் காலை வெச்சுட்டான். ஆறு வாட்டி போயி பன்னண்டு பேரு நடந்துட்டு வந்தாங்க. படிச்சேன்."

நிலாவுக்குப் போனவர்களின் கதைதான் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக்கூட்டி நான் முழுசாய் முடித்த முதல் புத்தகம்.

"படிச்சாளாம்! அந்தப் பன்னண்டு பேர்ல புள்ளத்தாச்சி எத்தினி பேரு?"

ஆராயி சிரித்துவிட்டாள். மணியம்மாள் விடவில்லை.

"போனவனுங்க இப்ப ஏன் போவல? சாமி குத்தம்."

"செலவு ஜாஸ்தினு நிறுத்திட்டாங்க. சாமி ஒண்ணும் சொல்லல."

உள்ளே பொன்னி அலறினாள். அப்போது எனக்கு நினைவு வந்தது அந்தப் பன்னிரண்டு பேர் இல்லை, இறங்காமலே திரும்பிய வேறு மூன்று பேர். போகிற வழியிலேயே அவர்கள் வண்டியில் பிராணவாயுத் தொட்டி வெடித்துவிட்டது. கோளாறான வண்டியில் குளிரில் ஒண்டிக்கொண்டு, நிலாவுக்குப் பின்பக்கமாய்ச் சுற்றி உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்கள். நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருந்தால் பிணம்கூட வந்திருக்காது.

நான் மணியம்மாளைத் தாண்டிக்கொண்டு போனேன். சம்பந்தியைத் தாண்டினது இன்றுவரை எங்கள் உறவில் பேச்சு.

அடுத்த தெரு பலராமன் மாட்டைப் பூட்டமாட்டேன் என்றார்.

"கிரகணத்துல வண்டி கட்டினா விளங்காதும்மா."

"மாடு வேணாண்ணே. வண்டிய மட்டும் குடு."

நுகத்தடியைத் தூக்கி நானே இழுத்தேன். பகலெல்லாம் சம்மட்டி பிடித்த தோள் கழன்றுவிடும்போல இருந்தது. தெருமுனை தாண்டவில்லை, பின்னால் மாட்டுமணிச் சத்தம்.

"ஊரு என்னைக் காறித் துப்பும். தள்ளு இப்படி," என்று பலராமன் மாட்டைப் பூட்டினார். வீட்டு வாசலில் ஆராயியும் நானும் பொன்னியைத் தூக்கி வண்டியில் கிடத்தினோம். பலராமன் நிலா தன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டார். மாட்டுக்கு வழி தெரிந்ததால் போய்ச் சேர்ந்தோம்.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. மேலுதடு பிளந்திருந்தது.

காலையில் வந்த மணியம்மாள் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள். "சொன்னனே! உன் படிப்ப என் பேத்தி மூஞ்சியில எழுதிட்டியே!"

நர்ஸம்மா ஓடிவந்தார். "கத்தாதீங்க. உதடு ரெண்டாம் மாசமே சேரணும், அப்பவே சேரல. நேத்து கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வேலூர்ல தெச்சுடுவாங்க. நீங்க வர லேட்டாயிருந்தா ரெண்டு பேருமே இல்ல."

மணியம்மாள் நம்பவில்லை. வார்டில் பாதிப்பேர் நம்பவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலை குனியவில்லை.

மணியம்மாள் துணியை எடுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். பொன்னி அதை இழுத்துப் போட்டாள்.

"மூடாதீங்க அத்தை."

"நாலு பேரு பாக்கறாங்கடி."

"பாக்கட்டும். நான் உசுரோட இருக்கறதையும் பாக்கட்டும். அடுத்ததையும் கிரகணத்துலயே பெத்துக்கறேன், போங்க."

அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. ஆனால், துணியோடு திரும்ப வந்த கையைத் தட்டிவிடத் தெம்பு இருந்தது.